பையன் கொடுத்துப் பையன் எடுத்த மரியான் தண்டல்

தூத்துக்குடியில் தோணிக்குத் தலைவனாக இருப்பவனைத் தண்டல் என்பார்கள். மரியான் கொரேரா இருபத்திரண்டு வருஷம் தண்டலாக இருந்தவர். கொழும்புக்கு எத்தனை நடை போயிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று மூக்கை நிமிர்த்தியே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு காகிதத்தை முன்னால் நீட்டினால் போதும், மனிதருக்கு வேர்த்துவிடும். கஸ்டம்ஸ் ஆபீசில் கைநாட்டு வைத்தால், மை காய்கிற வரைக்கும் தேள் கொட்டினவர் மாதிரி விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அப்பேர்ப்பட்டவர் 1941-ம் வருஷம் வைகாசியில் சாமியார் பள்ளிக்கூடத்து மேசையில் தானாகப் போய்க் கைநாட்டு வைத்தார்.

விஷயம் இதுதான். ஹெட்மாஸ்டர் தேவபிரசாதம் சாமியும் கொழும்பில் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடம் நடத்துகிற சாமியாரும் ஒரே செமினாரியில் படித்தவர்கள். இரண்டு பேருமாகக் கடிதம் எழுதி ஒரு திட்டம் போட்டார்கள். இங்கிருந்து ஒரு பையன் அங்கே போய் ஒரு வருஷம் படிப்பது. அங்கிருந்து ஒரு பையன் இங்கே வந்து படிப்பது. இவன் அவன் வீட்டில் சாப்பிட வேண்டும், அவன் இவன் வீட்டில் படுக்க வேண்டும். வருஷம் முடிந்ததும் அவரவர் பிள்ளை அவரவர் வீட்டுக்கு. "புஸ்தகத்துல உலகம் இல்லை, அடுத்தவன் குசினியில, அடுப்படியிலதான் இருக்கு" என்று சாமி பிரசங்கத்தில் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பிள்ளையை அனுப்ப மட்டும் ஒருத்தரும் முன்வரவில்லை. கப்பல் வியாபாரம் செய்கிற பெரிய வீட்டுக்காரர்களின் பையன்களுக்கு அந்த வாரம் பார்த்து வயிற்றுவலியும் காதுவலியும் வந்தது.

கடைசியில் ஃபிப்த் பாரத்தில் படித்த கஸ்பாரைச் சாமி பிடித்தார். மரியானின் ஒரே மகன். பூசைக்கு உதவி செய்கிற பையன், இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அதனால்தான் எடுத்தேன் என்று சாமி சொன்னார். தோணியில் ஏற்றி இறக்கத் தகப்பன் இருக்கிறானே, கப்பல் டிக்கெட் எடுக்க வேண்டாமே என்பதுதான் காரணம் என்று தெரு சொன்னது. எது நிஜம் என்று சாமிக்கும் மாதாவுக்கும்தான் தெரியும்.

மரியானின் பெண்டாட்டி தங்கத்தாயைத் தெருப் பெண்கள் சும்மா விடவில்லை. குழாயடியில் மடக்கினார்கள்.

"ஏளா தங்கத்தாய், பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுப்பாவ, கேட்டிருக்கோம். நீ பையன் குடுத்துப் பையன் எடுக்கியாமே? சம்பந்தி வீட்டுல என்ன சீர் செய்தாவ?"

"ஒன் வீட்டுல மூணு பையன் இருக்கே, ஒண்ணுக்காவது அந்த யோகம் உண்டா? வாய மூடிட்டுக் கொடத்தத் தூக்கு" என்று தங்கத்தாய் பதில் கொடுத்தாள். வாய் அப்படிச் சொன்னாலும் மகன் கிளம்பின அன்று முந்தானை பூராவும் நனைந்துதான் இருந்தது.

கஸ்பாரைக் கொழும்பில் இறக்கிவிட்டு, அங்கிருந்து மெர்வின் பெரேரா என்கிற சிங்களப் பையனை ஏற்றிக்கொண்டு மரியான் திரும்பினார். கொட்டாஞ்சேனையில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறவரின் மகன். கஸ்பாரைப் போல அவனுக்கும் பதினைந்து வயது.

"போம்போதும் ஒரு பையன், வரும்போதும் ஒரு பையன். தோணிக்கு எடை கூட மாறல" என்று தோணியாட்கள் சிரித்தார்கள்.

மெர்வின் வந்த மூன்றாம் நாளே வீட்டில் சண்டை. அந்தப் பிள்ளை காலையில் ஒரு குளியல், சாயங்காலம் ஒரு குளியல். அவன் ஊரில் தண்ணீர் வானத்திலிருந்தே கொட்டுகிறது. இங்கே குடம் குடமாக வரிசையில் நின்று பிடிக்க வேண்டும்.

"ஏலே, ஒன்னைய என்ன மீன்னு நெனச்சியா? வாரத்துக்கு ரெண்டு நாள் ஊத்துனாப் போதும்லே!"

"அம்மே, வேர்க்குது."

"அம்மா சரி, அது என்னலே அம்மே? ஆடா நீ?"

சிங்களத்தில் தாயை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று அவன் கையாலும் காலாலும் விளக்கினான். அன்றைக்குச் சாயங்காலம் தங்கத்தாய் இரண்டு குடம் கூடுதலாகக் கொண்டுவந்து வைத்தாள்.

கஸ்பாரின் கடிதம் மாசத்துக்கு ஒன்று வரும். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிற உபதேசியார் வாசித்துக் காட்டுவார். கிரிக்கெட் ஆடுகிறேன், மெர்வினின் அம்மா இடியாப்பமும் சொதியும் தருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது எனக்குத் தலை சீவி விடுகிறார்கள் என்று இருக்கும். தலை சீவுகிற இடம் வந்ததும் தங்கத்தாய், "போதும், பெறவு வாசிக்கலாம்" என்று எழுந்து போய்விடுவாள்.

மார்கழியில் ஜப்பான்காரன் சண்டைக்குள் வந்தான். மாசியில் சிங்கப்பூர் விழுந்தது. கொழும்பில் குண்டு போடுவான், தூத்துக்குடியில் குண்டு போடுவான் என்று தினமும் ஒரு பேச்சு. பாதித் தெரு மூட்டை கட்டி ஆத்தூருக்கும் அதற்கு அந்தப் பக்கமும் போனது. தங்கத்தாய் சாமியிடம் போய் நின்றாள்.

"சாமி, படிச்சது போதும். எம்பிள்ளைய வரவழைங்க."

"பங்குனியில பரீட்சை முடியுதும்மா. முடிஞ்ச கையோட மரியான் போய்க் கூட்டிட்டு வரட்டும். மெர்வினையும் அந்த நடையிலேயே அனுப்பிருவோம்."

அந்த நடையும் அமைந்தது. வெங்காயமும் கருப்பட்டியும் ஏற்றின தோணி, பங்குனிக் கடைசியில் கிளம்ப வேண்டும். மெர்வின் டிரங்குப் பெட்டியைப் பூட்டி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். அப்போதுதான் தங்கத்தாய் புருஷனைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"மெர்வின இப்ப கொண்டு போவாதிய."

"ஏன்?"

"நம்ம பிள்ள வந்து வாசப்படி ஏறட்டும். பெறவு அவுக பிள்ளைய அனுப்புவோம். ரெண்டு பேரும் அந்தக் கரையில மாட்டிக்கிட்டா நாம யாருகிட்டப் போயிக் கேக்க?"

"இது என்ன அடகுக் கடையாளா? சாமிகிட்டக் கைநாட்டு வச்சிருக்கேன்."

"எனக்குக் கைநாட்டு தெரியாது. எம்பிள்ளையத் தெரியும்."

மரியான் சாமியிடம் போய்ப் பையனுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய்யைச் சொன்னார். பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவனைப் பார்க்காமல் துறைமுகத்துக்கு நடந்தார்.

குருத்தோலை ஞாயிறன்று தோணி கொழும்பில் நங்கூரம் போட்டது. கஸ்பார் ஓடி வந்தான். ஒரு சாண் வளர்ந்திருந்தான். மூக்குக்குக் கீழே கரிக்கோடு மாதிரி மீசை. "என்னலே, பெரேரா வீட்டு ரொட்டி நல்லா வேல செஞ்சிருக்கு போல" என்று மரியான் அவன் முதுகில் ஒரு அடி வைத்தார். அதற்கு மேல் கொஞ்சத் தெரியாது அவருக்கு. அன்றிலிருந்து பையன் தகப்பனோடு தோணியிலேயே இருந்தான். மெர்வினுக்குக் காய்ச்சல், அடுத்த நடையில் வருவான் என்று பெரேராவிடமும் மரியான் அதே பொய்யைச் சொல்லிவைத்தார்.

திங்களும் செவ்வாயும் சரக்கு இறக்கினார்கள். புதன்கிழமை மத்தியானத்துக்குள் கொப்பரையும் பாக்கும் ஏற்றி முடிந்தது. தென்காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி அடித்தது. பாய் ஏற்றினால் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். ஊர்.

ஆனால் மறுநாள் பெரிய வியாழன். கோயில் மணி அன்றைக்கு நின்றால், ஈஸ்டர் ஞாயிறு, அதுதான் பாஸ்கு, அந்தப் பூசை முடிகிற வரைக்கும் எங்கள் கடற்கரையில் ஒருத்தனும் பாய் ஏற்ற மாட்டான். வலை வீச மாட்டான். ஆணி அடிக்க மாட்டான். ஆண்டவர் கல்லறையில் இருக்கிற நாளில் கடலில் இருக்கிறவனுக்குக் காவல் கிடையாது என்பது சட்டம். அந்தச் சட்டம் எந்தப் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது என்று மரியான் கேட்டதில்லை. புஸ்தகம் வாசிக்கத் தெரிந்தால்தானே கேட்பதற்கு.

பக்கத்தில் கட்டியிருந்த தோணிக்குத் தண்டல் எஸ்றா, சாத்தான்குளத்துப் பக்கம். புரொட்டஸ்டண்டுக்காரர், எங்கள் கோயில்தெரு வழக்கில் பதிதன். நல்ல மனுஷன்தான், ஆனாலும் பதிதன். எஸ்றாவுக்கு வியாழனும் ஒன்றுதான், வெள்ளியும் ஒன்றுதான். பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க கெளம்பலையா?"

"பாஸ்கு கழிச்சுத்தான்."

"இங்கன ஆளுக பேசுதது எனக்கு ஒண்ணும் நல்லாப் படல. நீங்க இருந்து வாங்க. பையன என் தோணில ஏத்தி விடுங்க. சனிக்கெழம அவுக அம்மகிட்ட நிப்பான்."

கஸ்பார் தகப்பன் முகத்தையே பார்த்தான்.

"போறேம்ப்பா. பாஸ்குக்கு வீட்டுல இருப்பேன்னு அம்மாவுக்கு எழுதியிருக்கேன்."

"பெரிய வெள்ளி அன்னைக்கு எம்மகன் நடுக்கடல்ல கெடக்கவா? அதும் பதிதன் தோணியில? ஊருக்குள்ள நான் தலகாட்ட வேண்டாமா?"

"அண்ணாச்சி, காத்துக்கு வேதம் கெடையாது" என்றார் எஸ்றா.

"எனக்கு உண்டு."

எஸ்றா கயிற்றை இழுத்தார். அவருடைய பாய் மேலே போனது. தோணி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கஸ்பார் ஓரத்தில் நின்றான். கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. தகப்பனுக்குச் சோறு போட்டுக் கொடுத்தான். இரண்டு நாளும் கோயிலுக்குப் போனான், சிலுவைப் பாதை முழுக்க முழங்காலில் நின்றான்.

சனிக்கிழமை துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. மரியான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "அவனுகளும் பாஸ்குக்கு ஊருக்குப் போறானுவ போல" என்றார். தோணியாட்கள் சிரித்தார்கள். எதற்கு ஓடுகின்றன என்று அங்கே ஒருத்தருக்கும் விளங்கவில்லை.

ஞாயிறு விடிகாலைப் பூசை. மணி அடித்தது. கொட்டாஞ்சேனைக் கோயிலே குலுங்குகிற மாதிரிப் பாடினார்கள். பூசை முடிந்ததும் தோணிக்குத் தெளிக்க மந்திரித்த தண்ணீர் வாங்க மரியான் வரிசையில் நின்றார். வரிசை நீளம்.

"ஏலே கஸ்பார், நீ முந்திப் போயிப் பாய அவுக்கச் சொல்லு. இன்னும் கால் மணி நேரத்துல வாரேன்."

பையன் கிட்டத்தட்ட ஓடினான். வீட்டுக்குப் போகிற ஓட்டம்.

கால் மணி நேரத்தில் ஆகாயத்தில் ஜப்பான்காரனின் விமானச் சத்தம் கேட்டது. தண்ணீர்ப் புட்டியோடு மரியான் துறைமுகத்தைப் பார்த்து ஓடினார். அங்கே சிப்பாய்கள் கதவை அடைத்திருந்தார்கள். புகை. மூன்று மணி நேரம் அவர் அந்தக் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தமிழில் கெஞ்சினார், கேட்டவனுக்குத் தமிழ் தெரியாது. உள்ளே விட்டபோது தோணி இருந்த இடத்தில் கொப்பரை எரிகிற வாடை மட்டும் இருந்தது. தோணியாட்களில் நாலு பேர் தண்ணீரில் குதித்துத் தப்பியிருந்தார்கள். ஒருத்தன் தப்பவில்லை. கஸ்பாரும் தப்பவில்லை. பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தானாம்.

மெர்வினின் அம்மாதான் கஸ்பாரைக் குளிப்பாட்டினாள். ரொட்டிக்கடைப் பெரேரா குழி தோண்டக் கூட நின்றார். நல்லவேளை, மெர்வினை இந்த நடையில் கூட்டி வரவில்லை என்று மரியான் சொன்னபோது, அந்த மனிதர் குழி மேட்டில் நின்றபடியே ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், யார் முன்னால் நின்று சொல்கிறோம் என்று உறைத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மரியான் ரயிலும் கப்பலும் பிடித்துத் தலைமன்னார் வழியாக ஊர் வந்து சேரப் பன்னிரண்டு நாள் ஆனது. தந்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. தந்திக்கும் முன்பே வந்தவர் எஸ்றா. பெரிய சனிக்கிழமை கரை ஏறியதும் தங்கத்தாயிடம் போய், "பையன நான் கூப்புட்டேன் மைனி, அண்ணாச்சிதான் விடல, பாஸ்கு முடிஞ்சு வந்திருவாவ" என்று நல்ல மனசோடு சொல்லியிருந்தார். அதனால் மரியான் வீட்டுக்கு வந்தபோது சொல்வதற்கு ஒன்றுமே மிச்சம் இல்லை. தங்கத்தாய் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு கூப்பாடு போட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார்.

தேவபிரசாதம் சாமி ஆறுதல் சொல்ல வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"மரியான், ஆண்டவர் தண்டிச்சுட்டார்னு நெனைக்காதப்பா. பெரிய வெள்ளிக்குப் பாய் ஏத்தினா பாவம்னு திருச்சபையில ஒரு சட்டமும் கெடையாது. அது நம்ம கடற்கரையில நாமளா வச்சுக்கிட்டது. நீ பாய் ஏத்தியிருந்தாலும் அவர் கோவிச்சிருக்க மாட்டார்."

மரியான் தலையை ஆட்டினார். சாமி போன பிறகும் ஆட்டிக்கொண்டே இருந்தார். "ஒரு சட்டமும் இல்லையாம்" என்று மூன்று தடவை சொன்னார்.

மெர்வின்? கொழும்பில் பாதி ஊர் மலைப்பக்கம் ஓடிப்போனது. அமைதியாகிற வரைக்கும் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரேரா கடிதம் எழுதினார். வைத்துக்கொண்டார்கள். தங்கத்தாய் அவனுக்கு நேரத்துக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். அந்தப் பிள்ளையும் வீட்டுக்குள் கால் பதியாமல் நடக்கப் பழகிக்கொண்டது. நெத்திலிக் குழம்பு நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூட அதற்குப் பயம். "ஒரு பையன் குடுத்தா, ஒரு பையன் கையில நிக்கான், அந்த மட்டும் லாபம்" என்று குழாயடியில் ஒருத்தி சொன்னாள். அவளைப் பக்கத்தில் நின்ற பெண்களே அடிக்கப் போனார்கள்.

1943 தை மாதம் பெரேராவின் அடுத்த கடிதம் வந்தது. கடை திறந்தாயிற்று, தெரிந்த தோணியில் பிள்ளையை அனுப்புங்கள். உபதேசியார் வாசித்து முடித்ததும் மரியான் எழுந்தார். ஒன்பது மாசமாகத் துறைமுகப் பக்கமே போகாதவர், அன்றைக்கு முகச்சவரம் செய்தார். சட்டையைப் போட்டுக்கொண்டு போய்த் தோணி முதலாளியிடம் நின்றார். "ஒரே ஒரு நட முதலாளி. கொழும்புக்கு. அந்தப் பிள்ளைய அவுக வீட்டுல சேத்து விட்டுட்டா எனக்குப் போதும்." முதலாளி மறுக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது கால் கொஞ்சம் வேகமாகக் கூட நடந்தது.

"ஏளா தங்கம், செவ்வாக்கெழம தோணி. நான் கொண்டு போயி விட்டுட்டு வாரேன்."

தங்கத்தாய் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"வேண்டாம். எஸ்றா அண்ணங்கிட்டச் சொல்லிட்டேன்."

"எஸ்றாகிட்டயா? இருவத்திரெண்டு வருசத் தண்டல் வீட்டுல இருக்கேன்."

"இருக்கிய. ஆனா இந்தப் பிள்ள வீடு போய்ச் சேரணும்லா."

மாசக்கணக்காக அவள் அடைத்து வைத்திருந்தது அவ்வளவுதான். அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசின முதல் பேச்சும் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை மெர்வினின் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மரியானே துறைமுகத்துக்குப் போனார். யாரும் கேட்கவில்லை, அவராகத் தூக்கினார். கூடவே வந்த தங்கத்தாய் சோற்றுப் பொட்டலத்தை அந்தப் பிள்ளையின் கையில் வைத்தாள். அவன், "அம்மே" என்றான். ஒன்பது மாசம் கழித்து அன்றைக்கு அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

எஸ்றாவுக்குச் சங்கடம். ஒரு தண்டல் நிற்கும்போது அவர் வீட்டுப் பிள்ளையைத் தான் ஏற்றுவதா என்று நெளிந்தார். கடலைப் பார்த்தார். கொண்டல் காற்று எதிரே அடித்தது. கொழும்புக்கு நேர் எதிர்க் காற்று.

"மத்தியானத்துக்கு மேல வாட திரும்பும்னு நெனைக்கேன். இருந்து பாய் ஏத்தலாமா? நீங்க சொல்லுங்க அண்ணாச்சி. நீங்க சொல்லுதத நான் கேக்கேன்."

மரியான் மூக்கை நிமிர்த்தினார். அவருக்குத் தெரியும்; எஸ்றாவுக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். மத்தியானம் வாடை வரும், அதில் போனால் இரண்டே நாள்.

"இப்பமே போ" என்றார். "நிக்காத."

"எதிர்க்காத்துல்லா அண்ணாச்சி..."

"நிக்காதன்னு சொல்லுதேம்லா! ஏத்துலே பாய!"

எஸ்றா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஆட்களுக்குக் கை காட்டினார். எதிர்க்காற்றில் தோணி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் தடுமாறிப் போனது. மத்தியானம் வாடை திரும்பியபோது, அது வழி தப்பித் தெற்கே எங்கேயோ கிடந்தது.

இரண்டு நாள் ஆயிற்று, தகவல் இல்லை. மூன்றாம் நாள் தங்கத்தாய் அடுப்பு மூட்டவில்லை. மரியான் தந்தி ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். நாலாம் நாளும் போனது. ஐந்தாம் நாள் பத்து மணிக்குத்தான் தந்தி வந்தது. சாமியே கொண்டுவந்து வாசித்தார். பையன் நேற்று சாயங்காலம் சுகமாக வந்து சேர்ந்தான், பெரேரா.

தங்கத்தாய் சிலுவை போட்டுக்கொண்டாள். சாமி போகும் வரைக்கும் காத்திருந்தாள். பிறகு புருஷனிடம் வந்து நின்றாள்.

"அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் போயிருந்தா ரெண்டு நாள்ல சேந்திருப்பாவ, இல்லையா?"

"ஆமா" என்றார் மரியான்.